‘புலிகாட்’ என்றொரு போர்ப்படகு: சிறு ரோந்துப் படகுகளைக் கட்டுவதும் ஓட்டுவதும்

இந்தியக் கடற்படையில் ஒரு காலத்தில் ‘ஐ.என்.எஸ். புலிகாட்’ என்றொரு ரோந்துப் படகு இருந்தது. புலிகாட் என்பது நம் பழவேற்காடுதான். 1960களின் பிற்பகுதியில் சோவியத் ஒன்றியத்திடமிருந்து ஐந்து படகுகளை வாங்கி, ஐந்துக்கும் கரையோர ஊர்களின் பெயரையே வைத்தார்கள்: பாம்பன், பன்வேல், பணஜி, புரி, புலிகாட். ஒவ்வொன்றும் சுமார் 30 மீட்டர் நீளம், நூறு டன்னுக்குள் எடை. ‘பொலுசாட்’ என்ற இந்த வகைப் படகு முதலில் சண்டைக்காக வரையப்பட்டதே இல்லை. பயிற்சியில் ஏவிய டார்பிடோக்கள் (நீருக்குள் ஓடிப்போய்க் கப்பலைத் தாக்கும் குண்டுகள்) ஓடி ஓய்ந்து மிதக்கும்போது அவற்றைத் தூக்கி எடுத்து வருவதுதான் அதன் வேலை. அதன் மேல்தளத்தில் துப்பாக்கியைப் பொருத்தி ரோந்துக்கு அனுப்பினார்கள். அந்த ஐந்தில் ஒன்றான பன்வேல் 1971 போரில் வங்கதேசத்து ஆறுகளுக்குள் போய்ச் சண்டையிட்டது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஆரம்பாக்கம், தடா, சூலூர்ப்பேட்டை, பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கும் தீவுக் குப்பங்கள் என்று தமிழ்நாடு-ஆந்திர எல்லைக்கு இருபுறமும் தமிழ் பேசுகிற நாங்கள் படகோடு பழகியவர்கள். எந்தப் படகு எந்த ஆழத்தில் தரைதட்டும், எந்த எஞ்சின் எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கடற்படை என்றதும் செய்தித்தாள் நமக்குக் காட்டுவது விமானந்தாங்கிக் கப்பலையும் நீர்மூழ்கியையும்தான். போர்க்காலத்தில் கரையோரத்தை உண்மையில் சுற்றிவந்த சிறு படகுகளைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது குறைவு. நம் ஊரில் படகு கட்டும் ஓடாவிக்கும் எஞ்சின் மெக்கானிக்குக்கும் கேட்டவுடனே புரியக்கூடிய விஷயம் இது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சிறு போர்ப்படகின் வெற்றி தோல்வியை அதன் பீரங்கியைவிட, அதைக் கட்டிய பட்டறையும், அதற்கு எரிபொருள் ஊற்றிப் பழுது பார்த்த கரையும்தான் பெரும்பாலும் தீர்மானித்திருக்கின்றன.

முதலில் வேகம் பற்றிய ஒரு கணக்கு. நீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகு எதுவும் தான் எழுப்பும் அலையில் தானே சிக்கிக்கொள்ளும். வேகம் கூடக் கூட அணியத்தில் (படகின் முன்முனையில்) எழும் அலை நீளமாகும். அலையின் நீளம் படகின் நீளத்தைத் தொட்டதும் படகின் பின்பக்கம் பள்ளத்தில் இறங்கி, அணியம் மேட்டில் ஏறி நிற்கும். அதற்குப் பிறகு கொஞ்சம் வேகம் கூட்டவும் ஏராளமான எண்ணெய் எரித்தாக வேண்டும், படகு தன் அலை மேல் ஏற முடியாமல் திணறும். அந்த எல்லை வேகம், நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடிக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வரும் நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்). 72 அடிப் படகுக்கு அது பதினொன்றரை நாட் அளவில் நிற்கும்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை கட்டிய துறைமுகக் காவல் மோட்டார் லாஞ்சு சரியாக இந்த 72 அடி நீளம்தான். 54 டன் எடை, இரண்டு டீசல் எஞ்சின், சேர்த்து 300 குதிரைத்திறன், வேகம் 12 நாட்டுக்குள். கணக்கு சொன்ன எல்லையிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு அண்ணன், 112 அடி நீளமும் 85 டன் எடையும் கொண்ட ஃபேர்மைல் ‘பி’ லாஞ்சு. அதில் இரண்டு பெட்ரோல் எஞ்சின், சேர்த்து 1,300 குதிரைத்திறன், 20 நாட். அமெரிக்கர்களின் 80 அடி எல்கோ டார்பிடோ படகிலோ மூன்று பேக்கார்ட் எஞ்சின்கள், போரின் பிற்பகுதியில் சேர்த்து 4,500 குதிரைத்திறன், 40 நாட்டுக்கும் மேல். எடையில் அது துறைமுகக் காவல் லாஞ்சை ஒட்டியதுதான். பன்னிரண்டிலிருந்து நாற்பதுக்குப் போகப் பதினைந்து மடங்கு சக்தி வேண்டியிருந்தது. 11,000 லிட்டருக்கு மேல் பெட்ரோல் ஏற்றிக்கொண்டும், முழு வேகத்தில் ஓடினால் ஆறு மணி நேரத்தில் தொட்டி காலி. ஆகவே எந்தப் படகு நல்லது என்ற கேள்விக்கு முன்னால், எரிபொருள் எங்கிருந்து வரும், எத்தனை எஞ்சின் கிடைக்கும் என்ற கேள்விகள் வந்து நின்றன.

போர் தொடங்கிய பிறகு பெரிய கப்பல் கட்டும் தளங்களில் இடம் கிடைக்காது. அவை நாசகாரி என்ற போர்க்கப்பல்களையும் சரக்குக் கப்பல்களையும் கட்டிக்கொண்டிருக்கும். நீர்மூழ்கிகளோ கரையை ஒட்டிச் சுற்ற ஆரம்பித்துவிட்டன. உடனே நூற்றுக்கணக்கில் சிறு படகு வேண்டும். முதல் உலகப் போரிலேயே இந்த நெருக்கடி வந்தது. 1915இல் பிரிட்டன் அமெரிக்காவின் எல்கோ நிறுவனத்திடம் மோட்டார் லாஞ்சுகளைக் கேட்டது. முதலில் 50, பிறகு 500. அந்த 550 படகுகளையும் 488 நாட்களில் முடித்துக் கொடுத்தார்கள். பாகங்களை ஒரே அச்சில் அமெரிக்காவில் அறுத்து, கனடாவுக்கு அனுப்பி, அங்கே பூட்டியதால்தான் அது முடிந்தது. ஒவ்வொரு படகையும் தனித்தனியாக வரைந்து செதுக்கியிருந்தால் அந்தப் போர் முடிந்த பிறகும் படகு முடிந்திருக்காது.

இரண்டாம் போரில் இதே வழியை இன்னும் தூரம் கொண்டுபோனவர் நோயல் மேக்லின். கார் தயாரித்துக்கொண்டிருந்தவர். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஃபேர்மைல் என்ற தன் வீட்டு வளாகத்திலேயே நிறுவனத்தை அமைத்தார். படகின் வங்குகளை, அதாவது உடலைத் தாங்கும் வளைசட்டங்களை, பிளைவுட்டில் அச்சுப்படி அறுத்துவிடலாம், அறுக்கும் வேலையை மேசை நாற்காலி செய்கிற பட்டறைகளுக்குக் கொடுக்கலாம், எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிச் சின்னச் சின்னப் படகுத் தளங்களுக்கு அனுப்பி அங்கே பூட்டச் சொல்லலாம் என்பது அவர் திட்டம். போரில்லாத நாளில் பணக்காரர்களின் உல்லாசப் படகுகளைக் கட்டிப் பிழைத்துவந்த தளங்கள் அவை. போர் வந்ததும் அவற்றுக்கு வேலை இல்லாமல் போயிருந்தது, ஆனால் அங்கே தச்சர்கள் இருந்தார்கள். அந்தக் கைகளைப் போருக்குப் பயன்படுத்திக்கொண்டதுதான் மேக்லினின் உண்மையான சாதனை என்று நினைக்கிறேன். ஃபேர்மைல் ‘பி’ வகையில் மட்டும் 600க்கும் மேற்பட்ட படகுகள் உருவாயின. கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று பல நாடுகளில் கட்டினார்கள். இந்தியாவிலும் பம்பாய், கல்கத்தா பட்டறைகளில் இவை கட்டப்பட்டன.

இரண்டு முடிவுகளைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். முதல் வகையான ஃபேர்மைல் ‘ஏ’ படகில் மூன்று எஞ்சின் இருந்தது. ‘பி’ வகையில் இரண்டாகக் குறைத்தார்கள். எஞ்சின் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வர வேண்டும், வரும் எண்ணிக்கையோ அளவானது. படகுக்கு ஓர் எஞ்சினைக் குறைத்தால் அதே எஞ்சின்களைக் கொண்டு ஒன்றரை மடங்கு படகுகளைக் கடலில் இறக்கலாம். வேகம் கொஞ்சம் போனால் போகட்டும், படகு கூடட்டும் என்று துணிந்தார்கள். இரண்டாவது, மேல்தளத்தின் குறுக்கே துளையிட்ட எஃகுப் பட்டைகளை முன்கூட்டியே பதித்துவிட்டார்கள். இன்றைக்குக் கண்ணிவெடி வாரும் படகு, நாளை மறுநாள் ஆழ்நீர்க் குண்டு போடும் படகு, தேவைப்பட்டால் டார்பிடோ படகு என்று ஆயுதத்தைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். போர்க்காலத்தில் தேவை மாறிக்கொண்டே இருக்கும் என்பதை வரைபடத்திலேயே ஒப்புக்கொண்ட படகு அது.

துறைமுகக் காவல் லாஞ்சின் உடலைக் கட்டிய விதத்தை நம் ஓடாவிகளுக்காகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். ஏரா என்ற அடிக்கட்டையை வைத்து, வங்குகளை நிறுத்தியபின், முதல் அடுக்குப் பலகைகளைப் படகின் நீளவாக்கில் ஓட்டாமல் சாய்வாக ஒரு பக்கமாகப் பதிப்பார்கள். அதன்மேல் எண்ணெயில் தோய்த்த துணியை இழுத்து விரிப்பார்கள். இரண்டாம் அடுக்குப் பலகைகள் அதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து, முதல் அடுக்கைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகும். பிறகு செம்பு ஆணி. வெளியே நிற்பவர் ஆணியை அடித்து, அதன் தலையில் கனமான இரும்பை அழுத்திப் பிடிப்பார். உள்ளே குந்தியிருப்பவர், துருத்திக்கொண்டு வந்த முனையில் சின்னச் செப்பு வளையத்தை மாட்டி, மிச்சத்தை நறுக்கிவிட்டு, நுனியைத் தட்டித் தட்டி வளையத்தின் மேல் மடக்குவார். ஒரு படகுக்கு இப்படி ஆயிரக்கணக்கான ஆணிகள். இரண்டு பேரின் கையும் ஒரே தாளத்தில் போக வேண்டும், இல்லையென்றால் ஆணி வளையும், வளைந்த இடத்தில் நீர் ஊறும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு இருப்பதால் மெல்லிய பலகையிலேயே உடல் முறுக்கேறி நிற்கும். ஒற்றை அடுக்குப் படகைப்போல நீர் புகாமலிருக்க இடுக்குக்கு இடுக்கு பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிக்க வேண்டியதில்லை. குறையும் உண்டு. குண்டுபட்டு உள்ளடுக்குப் பலகை ஒன்று சேதமானால், வெளியடுக்கைப் பிரிக்காமல் அதைத் தொட முடியாது. நடுக்கடலில் செய்கிற வேலை இல்லை அது. பட்டறைக்குத்தான் வர வேண்டும்.

நம் கரையின் பழைய வழி இதற்கு நேர்மாறானது. மசூலா என்று ஆங்கிலேயர்கள் எழுதிவைத்த படகில் வங்கே கிடையாது. பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்துவிடுவார்கள். சோழமண்டலக் கரையின் அலையடியில் படகு மணலில் மோதும்போது வளைந்து கொடுக்க வேண்டும், விறைத்து நின்றால் உடையும். சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன்பு கப்பலிலிருந்து ஆளும் சரக்கும் கரைசேர்ந்தது இந்தத் தையல் படகுகளில்தான். வடிவமைப்பில் தேர்ந்த வெள்ளைக்காரப் பொறியாளர்களின் படகுகள் அந்த அலையைத் தாண்ட முடியாமல் போனதைக் கண்ட பிறகுதான் அவர்கள் இதை நம்பினார்கள். ஒரு கரைக்கான படகை அந்தக் கரைதான் வரையும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குளிர்க்கடலுக்கு மகோகனி போதும். நம் வெதுவெதுப்பான கடலில் கப்பல் புழு மரத்தைக் குடைந்து சல்லடையாக்கிவிடும், வெளியே பார்த்தால் ஓட்டை தெரியாது. அதனால் வெப்பக் கடலுக்கான படகுகளில் தேக்கைப் பயன்படுத்தினார்கள், நீருக்கடியில் செம்புத் தகட்டால் உறை போட்டார்கள். மலபார்த் தேக்கின் வலிமையை ஆங்கிலேயர்கள் அதற்கு நூறாண்டு முன்பே அறிந்திருந்தார்கள். அந்த மரத்தில் பம்பாயில் கட்டி 1817இல் நீரில் இறக்கிய ‘டிரிங்கோமாலி’ என்ற போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது.

கட்டியாயிற்று. இனி ஓட்டுவது.

1942 ஏப்ரல் 6ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தின் மீதும் காக்கிநாடா மீதும் குண்டு போட்டன. அதே நாட்களில் வங்காள விரிகுடாவில் 20க்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. சென்னையை விட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். பெரிய போர்க்கப்பல்கள் பின்வாங்கிவிட்ட நிலையில், கரையோரக் காவல் என்பது பெருமளவு சிறு கலங்களின் தலையில் விழுந்தது. ராயல் இந்தியக் கடற்படையும் ஃபேர்மைல்களையும் துறைமுகக் காவல் லாஞ்சுகளையும் ஏற்றுக்கொண்டது இந்தக் காலத்தில்தான்.

இந்தப் படகில் வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு காட்சி போதும். நீரடியில் ஏதோ எதிரொலி கேட்கிறது. நீர்மூழ்கி ஆழமில்லாத இடத்தில் இருக்கிறது, ஆழ்நீர்க் குண்டைப் போட வேண்டும். ஒரு குண்டில் 130 கிலோ வெடிமருந்து. அது நீரில் விநாடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர் இறங்கும். 15 மீட்டர் ஆழத்தில் வெடிக்கும்படி திருகி வைத்தால், உருட்டிவிட்ட ஐந்தாவது விநாடியில் வெடிக்கும். 12 நாட்டில் போகும் துறைமுகக் காவல் லாஞ்சு அந்த ஐந்து விநாடியில் 30 மீட்டர்தான் நகர்ந்திருக்கும். 54 டன் மரப்படகின் பின்பக்கம் 30 மீட்டர் தூரத்தில் 130 கிலோ வெடிக்கிறது. எதிரியை அடிக்கும் அடி தன் பலகையையே பிளக்கும். ஆகவே அந்தப் படகின் சுக்கானி, எஞ்சின்காரர், குண்டை உருட்டுபவர் மூவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே கணத்தில் செயல்பட்டாக வேண்டும். இந்த லாஞ்சை வரையும்போது, நீருக்கடியில் நீர்மூழ்கி திரும்பும் வட்டத்தைவிடச் சிறிய வட்டத்தில் அது திரும்ப வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். வேகத்தில் இழந்ததைத் திருப்பத்தில் ஈடுகட்டினார்கள்.

எரிபொருள்தான் அடுத்த ஆபத்து. ஃபேர்மைல் பெட்ரோல் படகு. மரப்படகுக்குள் ஆயிரக்கணக்கான லிட்டர் பெட்ரோலை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போவது எப்படிப்பட்டது என்பதை 1942 மார்ச் 28 அதிகாலை இருளில் பிரான்சின் சான் நசேர் துறைமுகத்தில் உலகம் பார்த்தது. தூரம் போக வேண்டும் என்பதற்காக மேல்தளத்திலும் கூடுதல் பெட்ரோல் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு 16 லாஞ்சுகள் ஆற்றுமுகத்துக்குள் நுழைந்தன. கரையிலிருந்து பீரங்கிகள் சுடச்சுட, படகுகள் பற்றிக்கொண்டன. பெரும்பாலானவை திரும்பவில்லை. கப்பல்களைப் பழுதுபார்க்கும் பெரிய உலர்தளத்தைத் தகர்க்கும் நோக்கம் நிறைவேறியது உண்மை. ஆனால் அந்தப் படகுகளில் எரிந்து இறந்தவர்களை நினைக்கும்போது, போதுமான டீசல் எஞ்சின் கிடைத்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்ற கேள்வி எனக்கு ஓயாமல் எழுகிறது. டீசல் அவ்வளவு எளிதில் தீப்பிடிக்காது. போருக்குப் பிறகு உலகக் கடற்படைகள் சிறு படகுகளில் பெட்ரோலைக் கைவிட்டதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

இந்திய மாலுமிகளின் ஃபேர்மைல்கள் பெயர் வாங்கியது பர்மாவின் அரக்கான் கரையில். 1944, 1945இல் 55, 56ஆம் படகுக் குழுக்கள் அங்கே இயங்கின. அரக்கான் கரை சதுப்புக் காடும் ‘சாங்’ என்று அங்கே அழைக்கப்படும் உப்பங்கழிகளும் நிறைந்தது. பழவேற்காட்டு ஏரியையும் அதன் கால்வாய்களையும் பார்த்தவர்கள் அந்த நிலத்தை எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம், ஆழம் மட்டும் அங்கே அதிகம். சாலை இல்லாத நாட்டில் ஜப்பானியர்கள் அரிசியும் தோட்டாவும் கொண்டுபோனது சம்பான் என்ற சிறு படகுகளில். இரவில் லாஞ்சுகள் கழிக்குள் நுழைந்து அவற்றை மறித்தன. பகலில் கண்டல் மரங்களின் கிளைகளை வெட்டி மேலே போர்த்திக்கொண்டு கரையோரம் பதுங்கின. 1945 ஜனவரியில் அக்யாப், மியேபோன், ராம்ரீ, காங்கா என்று அடுத்தடுத்து நடந்த தரையிறக்கங்களில் வழிகாட்டியதும், முன்னே போய்ச் சுட்டதும் இத்தகைய படகுகள்தான். குளிர்க்கடலை மனதில் வைத்து வரைந்த படகில், வெயிலில் அடுப்பாய்க் காயும் மேல்தளத்துக்குக் கீழே, பதினாறு பேருக்கு மேல் அடைந்து கிடந்தார்கள். இந்த மாலுமிகளின் நினைவை நாம் இன்னும் கொஞ்சம் பொறுப்போடு காத்திருக்க வேண்டும். விமானப் படையின் வீரர்களுக்குக் கிடைத்த இடத்தில் பாதிகூட நம் பாடநூல்களில் இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

1971 போரில் சிறு படகு என்றால் எல்லோரும் கராச்சித் தாக்குதலைச் சொல்வார்கள். டிசம்பர் 4 இரவு நிபாத், நிர்காட், வீர் ஆகிய மூன்று ஏவுகணைப் படகுகள் பாகிஸ்தானின் கைபர் என்ற நாசகாரியை மூழ்கடித்தன. சோவியத் நாட்டின் ‘ஓசா’ வகை, 200 டன்னைச் சுற்றிய எடை, நான்கு ஏவுகணை. அந்த வெற்றியில் என்னைக் கவர்வது இழுவைக் கயிறு. ஓசா தன் துறைமுகத்தைச் சுற்றிக் காவல் காப்பதற்காக வரையப்பட்ட படகு, தூரம் போக எரிபொருள் போதாது. நம் கடற்படை அதைப் பெரிய கப்பலின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போய், பகையின் வாசலில் அவிழ்த்துவிட்டது. படகின் குறையை ஓட்டுபவரின் யோசனை ஈடுசெய்தது.

கிழக்கே நடந்தது அவ்வளவு பேசப்படுவதில்லை. வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாகினிக்குக் கடற்படைக் கலம் வேண்டும். கல்கத்தாத் துறைமுகத்தின் வேலைப் படகுகள் இரண்டை எடுத்து, 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கிகளைப் பொருத்தி, பத்மா, பலாஷ் என்று பெயரிட்டார்கள். வங்காளி மாலுமிகளும் இந்தியக் கடற்படையினரும் ஏறினார்கள். கூடவே பன்வேல். மூன்றும் சேர்ந்து டிசம்பர் 10ஆம் தேதி ஆற்றில் ஏறிக் குல்னாவை நெருங்கின. அப்போது வானில் வந்தவை இந்திய விமானங்கள். பகைவர் படகு என்று எண்ணிக் குண்டு வீசின. பத்மாவும் பலாஷும் எரிந்து மூழ்கின. பலாஷின் எஞ்சின் அறையில் இருந்த முகமது ரூஹுல் அமீன் படகைக் காப்பாற்றப் போராடி உயிர்விட்டார். வங்கதேசம் அவருக்குத் தன் உச்ச விருதான ‘பீர் ஸ்ரேஷ்டோ’வை வழங்கியது. எஞ்சியது பன்வேல் மட்டும். டார்பிடோ பொறுக்க வரைந்த அந்தப் படகு, நீரில் கிடந்தவர்களை ஏற்றிக்கொண்டு, கரையிலிருந்து சுட்டவர்களோடும் மோதியது. அதன் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் ஜே.பி.ஏ. நொரோனாவுக்கும், இந்த நடவடிக்கையை நடத்திய கமாண்டர் எம்.என். சமந்துக்கும் மகாவீர் சக்ரா கிடைத்தது.

மேலிருந்து பார்க்கும் விமானிக்கு எல்லாச் சிறு படகும் ஒன்றுபோலத்தான் தெரியும். யார் நம்மவர் என்பதைச் சொல்லும் வழி சிறு படகுப் போரில் ஆயுதத்துக்கு இணையானது என்பதற்கு அந்தப் பகலில் கொடுத்த விலை மிக அதிகம்.

பாக் நீரிணைக்கு அப்பால் நடந்த போரில் மரம் போய்க் கண்ணாடியிழை வந்துவிட்டது. இலங்கைக் கடற்படை இஸ்ரேலிய ‘டுவோரா’ படகுகளை வைத்திருந்தது. கடற்புலிகள் கண்ணாடியிழைப் படகுகளில் கூட்டமாக வந்து, நடுவே வெடிமருந்துப் படகை விட்டு அவற்றை மூழ்கடித்தார்கள். பிற்காலத்தில் இலங்கைக் கடற்படையும் தன் பட்டறையிலேயே 23 அடி ‘ஏரோ’ படகுகளை வார்த்து, அதே கூட்டம் சேர்க்கும் முறைக்கு மாறியது. அச்சு ஒன்று இருந்தால் உடலை யாரும் வார்த்துவிடலாம். எஞ்சினை அப்படிச் செய்ய முடியாது. அதனால்தான் அந்த ஆண்டுகளில் அதிகக் குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் வடக்கின் சாதாரண மீனவருக்குக் கிடைக்காதபடி கட்டுப்பாடு வந்தது. போரின் பாரம் கடைசியில் மீன்பாடு போகும் குடும்பத்தின் மேல் விழுந்தது.

இப்போது கருங்கடலில் ஆளே இல்லாத படகுகள் போருக்குப் போகின்றன. உக்ரைனின் ‘மகுரா’ ஐந்தரை மீட்டர் நீளம்தான், நம் ஃபைபர் படகைவிடச் சிறியது. 2024 பிப்ரவரி 1ஆம் தேதி அவை ‘இவானோவெட்ஸ்’ என்ற ரஷ்ய ஏவுகணைக் கப்பலையும், மார்ச் 5ஆம் தேதி ‘செர்கெய் கோத்தோவ்’ என்ற ரோந்துக் கப்பலையும் மூழ்கடித்தன. கண்ணாடியிழை உடல், சிறிய எஞ்சின், செயற்கைக்கோள் தொடர்பு. இன்றும் இவை பெரிய கப்பல் தளத்தின் பொருட்கள் இல்லை.

நம் கரைக்கு வருவோம். பழவேற்காட்டுக்குத் தெற்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. கடலோரக் காவல் படைக்கு அந்த நிறுவனம் ஹஜீராவிலும் காட்டுப்பள்ளியிலுமாக 54 இடைமறிப்புப் படகுகளைக் கட்டிக்கொடுத்தது. அலுமினிய உடல், நூறு டன் அளவில் எடை, வேகம் 45 நாட், அதாவது மணிக்கு 83 கிலோமீட்டர். இவற்றில் புரொப்பெல்லர் கிடையாது. அடியிலிருந்து நீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சும் வாட்டர்ஜெட்தான். வலை விரித்த கடலில் புரொப்பெல்லர் வலையைச் சுற்றிக்கொண்டு வலையும் போகும், எஞ்சினும் நிற்கும். வாட்டர்ஜெட் வலைக்கு அவ்வளவு கேடு செய்யாது, ஆழமில்லாத இடத்திலும் போகும். ஆனால் மிதக்கும் பாசியும் பாலித்தீன் குப்பையும் அதன் வாயை அடைத்துவிடும். சென்னைக் கழிமுகங்களிலிருந்து மழைக்காலத்தில் கடலில் கலக்கும் குப்பையைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்று தெரியும்.

அதே தளத்தில் 2022 டிசம்பரில் நீரில் இறக்கப்பட்ட ‘அர்ணாளா’, 2025 ஜூன் 18ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்ந்தது. கரையோர ஆழமற்ற நீரில் நீர்மூழ்கியைத் தேடும் கப்பல். கல்கத்தாவின் கார்டன் ரீச் நிறுவனமும் எல் அண்ட் டியும் சேர்ந்து கட்டியது. நீளம் 77 மீட்டர், 1,490 டன்னுக்கு அருகில் எடை, டீசல் எஞ்சினோடு வாட்டர்ஜெட். ஃபேர்மைல் செய்த அதே வேலைக்கு இன்று பதினேழு மடங்கு எடையுள்ள கலம் வேண்டியிருக்கிறது. நீர்மூழ்கி அவ்வளவு அமைதியாகிவிட்டது, அதைக் கேட்கும் கருவி அவ்வளவு பெரிதாகிவிட்டது.

ஆனால் பெரிய கப்பல் வந்தாலும் கரையோரத்தின் கடைசிச் சில மைல்கள் சிறு படகுக்குத்தான் மிச்சம். 2008 நவம்பரில் மும்பைக்கு வந்தவர்கள் ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான் கரையை நெருங்கினார்கள். அதன்பின் மீனவர்களுக்கு அடையாள அட்டை வந்தது. 20 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்குத் தானியங்கி அடையாளக் கருவி கட்டாயமானது. 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை ஒன்றிய அரசு தொடங்கியது. குல்னாவில் இல்லாமல் போனது இதுதான்: மேலிருந்தோ தொலைவிலிருந்தோ பார்ப்பவருக்கு ‘இது இன்ன ஊர்ப் படகு’ என்று சொல்லும் குரல்.

எங்கள் எல்லையில் அந்தக் குரலுக்கு முன்னால் இன்னொரு தடை இருக்கிறது. பழவேற்காட்டு ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். ஃபேர்மைலுக்கும் துறைமுகக் காவல் லாஞ்சுக்கும் மிதக்கவே ஒன்றரை மீட்டர் வேண்டும். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து மேடாகும் மாதங்களில் ஃபைபர் படகையே ஆட்கள் இறங்கித் தள்ளித்தான் கடலுக்குக் கொண்டுபோகிறார்கள். கடலோரப் பாதுகாப்புத் திட்டத்தில் மாநிலங்களின் போலீசுக்குக் கொடுத்த படகுகள் 5 டன், 12 டன் எடையுள்ளவை. அவற்றை இந்த வாய் வழியாக எந்த மாதத்திலும் நம்பி ஓட்ட முடியாது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலைக் காலிசெய்யச் சொல்லி அறிவிப்பு வரும்போதும், வடக்கே தடாப் பக்கம் வலைத்தகராறு மூளும்போதும், ரோந்துப் படகு எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கமிருந்து கடலைச் சுற்றித்தான் வந்தாக வேண்டும். முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்று இந்தக் குப்பங்கள் கேட்பது இறாலுக்காகவும் மீனுக்காகவும். அது திறந்தால் காவல் படகும் அதே வழியாக ஏரிக்கும் கடலுக்கும் போய்வரலாம்.